எந்த பைக் வாங்கலாம்: ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ்ஸா, ஹோண்டா ஷைன் 100-ஆ? கேள்வி பதில்

கே: அண்ணா, ஆபீஸ் போக வர தினமும் 40 கிலோமீட்டர். இரண்டில் எது மைலேஜ் அதிகம் தரும்?

ப: மைலேஜை வைத்து இந்த இரண்டில் ஒன்றைக் கழிக்க முடியாது தம்பி. ஒன்று லிட்டருக்கு 60, இன்னொன்று 65 என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினாலும் ஒன்றேகால் லிட்டர் சொச்சம்தான் மிச்சமாகும். காற்று குறைந்த டயரும் உரசிக்கொண்டே ஓடும் பிரேக்கும் அதைச் சாப்பிட்டுவிடும். உங்கள் கை, கால், முதுகுக்கு எது ஒத்துவருகிறது என்று பாருங்கள்.

கே: என் உயரம் 5 அடிதான் அண்ணா. சீட் உயரம் இரண்டிலும் ஒன்றுதானாமே?

ப: ஆமாம்மா, ஸ்பிளெண்டர் 785 மி.மீ., ஷைன் 786. ஆனால் எடையைப் பாருங்கள்: அது 112 கிலோ, இது 99. ஓடும்போது இந்த 13 கிலோ பெரிதாகத் தெரியாது. வண்டி ஸ்டாண்டில் இரண்டு பக்கமும் ஹேண்டில்பார் இடிக்க, முன்சக்கரத்தைத் திருப்பித் திருப்பிப் பின்னால் இழுத்து வெளியே எடுப்பீர்கள் பாருங்கள், அப்போது தெரியும். உங்களுக்கு ஷைன்தான்.

கே: ஸ்பிளெண்டர் 8 பி.எஸ். (குதிரைத்திறன்), ஷைன் 7.4 பி.எஸ். தானே, இழுக்குமா?

ப: அந்த 8 பி.எஸ். வருவது 8,000 ஆர்.பி.எம்-மில், அதாவது இன்ஜின் நிமிடத்துக்கு 8,000 சுற்று சுற்றும்போது. டவுன் பஸ்ஸுக்குப் பின்னால் செகண்ட் கியரில் ஊர்ந்து போகிற யாரும் அந்தப் பக்கமே போவதில்லை. டார்க், அதாவது இழுவைச் சக்தி, இரண்டிலும் ஒரே 8.05 நியூட்டன் மீட்டர்தான், ஆனால் ஷைனில் அது 5,000-த்திலேயே வந்துவிடுகிறது, ஸ்பிளெண்டரில் 6,000 ஆகும், அதனால் நெரிசலில் அடிக்கடி கியரைக் குறைக்காமல் போக ஷைன் சௌகரியம். முறுக்கி ஓட்டுகிறவருக்கு ஸ்பிளெண்டர் பிடிக்கும். தினமும் இரண்டு பேர், கூடவே மேம்பாலம் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு 125 சிசி பக்கம் போங்கள்.

கே: அப்பாவுக்கு வாங்குகிறேன். வயல்காட்டுப் பாதை, சில நாள் பின்சீட்டில் உர மூட்டை.

ப: ஸ்பிளெண்டர், யோசிக்கவே வேண்டாம். சக்கரம் 18 அங்குலம் (ஷைனுக்கு 17), குழியில் இறங்கி ஏறக் கொஞ்சம் நல்லது. அதைவிட முக்கியம், 1994-லிருந்து ஓடுகிற பெயர் அது. கிராமத்து மெக்கானிக் கைக்குப் பழகிய வண்டி, கிளட்ச் கேபிளுக்காக டவுனுக்கு அலைய வேண்டாம். ஷைன் 100 வந்ததே 2023-இல்தான்.

கே: சார், டிரம் பிரேக் போதுமா? பயமாக இருக்கிறது.

ப: இந்த வேகத்துக்குப் போதும், சரியாக அட்ஜஸ்ட் செய்து வைத்திருந்தால். இரண்டிலும் பின் பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் கொஞ்சம் பிடிக்கும், ஆனால் அதை நம்பிக் காலை மட்டும் வைத்துக்கொண்டு ஓட்டாதீர்கள். நிறுத்துகிற வேலையில் பெரும்பங்கு முன்பிரேக்குடையது, கை லிவரையும் பிடித்துப் பழகுங்கள். டிஸ்க்தான் வேண்டும் என்றால் ஸ்பிளெண்டரின் எக்ஸ்டெக் மாடலில் கிடைக்கும்.

கே: நண்பனின் ஸ்பிளெண்டர் சிக்னலில் தானாக அணைந்துவிடுகிறது. பழுதா?

ப: பழுதில்லை, ஐ3எஸ் என்கிற வசதி வேலை செய்கிறது. நியூட்ரலில் சில விநாடி நின்றால் இன்ஜின் அணையும், கிளட்சைப் பிடித்தால் திரும்ப ஓடும். பிடிக்காவிட்டால் அணைத்து வைக்க ஸ்விட்ச் இருக்கிறது.

கே: டெஸ்ட் ரைடில் என்ன பார்ப்பது?

ப: ஷோரூம் வாசலில் ஒரு ரவுண்ட் அடித்துவிட்டு வராதீர்கள். தினமும் பின்னால் உட்காரப் போகிறவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், ஃபுட்ரெஸ்ட்டில் கால் எப்படி மடங்குகிறது என்று அவர்தான் சொல்ல முடியும். கிடைத்தால் ஒரு வேகத்தடை, ஒரு ஏற்றம். அப்புறம், வண்டியை அணைத்துவிட்டு பத்தடி தள்ளிப் பாருங்கள்.