தவக்கால ஒருசந்தியும் சர்க்கரை மாத்திரையும்

கேள்வி: எனக்கு வயது 62. சர்க்கரை நோய்க்குக் காலையில் கிளிமிபிரைடும், இரு வேளை மெட்ஃபார்மினும் எடுத்துவருகிறேன். சென்ற ஆண்டு என் கணவர் பைபாஸ் அறுவை சிகிச்சையில் பிழைத்து வந்ததற்கு நன்றியாக, இந்தத் தவக்காலம் முழுவதும் நண்பகலில் கஞ்சி மட்டும் குடித்து ஒருசந்தி இருப்பதாக நேர்ந்துகொண்டேன். போன வெள்ளிக்கிழமை மாலை சிலுவைப்பாதையின்போது உடல் வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டது. விரதத்தை நிறுத்தினால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேனோ?

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருக்கும் மூன்று அறிகுறிகளும் இரத்தச் சர்க்கரை தாழும்போது வருபவை. கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கவைக்கும் மாத்திரை. நீங்கள் உண்டீர்களா இல்லையா என்று அது பார்ப்பதில்லை, ஏறத்தாழ ஒரு நாள் முழுவதும் தன் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். நண்பகலில் குடித்த கஞ்சியோ விரைவில் செரித்துச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றிவிட்டுத் தீர்ந்துபோகும். மாலையில் நின்றும் முழந்தாளிட்டும் சிலுவைப்பாதைச் செபத்தின் 14 நிலைகளைக் கடக்கும்போது உடலுக்குக் கைகொடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இவ்வாறு நேர்வது அரிது.

ஆகவே இன்றே மூன்று வேளை உணவுக்குத் திரும்புங்கள். மாத்திரையை நீங்களாகவே நிறுத்தவோ பாதியாக உடைக்கவோ வேண்டாம். விரதம் என்று மாத்திரையை விட்டுவிட்டு, சர்க்கரை 400-ஐத் தாண்டிய நிலையில் வந்தவர்களையும் நான் பார்த்திருக்கிறேன். மீண்டும் வியர்வையும் நடுக்கமும் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால், அல்லது பார்க்க வழியில்லாவிட்டால், மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, பிறகு ஏதாவது சாப்பிடுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும்படி வீட்டாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.

நானும் தவக்காலம் காக்கும் வீட்டில் பிறந்தவன் என்பதால் இதையும் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபை ஒருசந்தியைக் கடமையாக்கியிருப்பது திருநீற்றுப் புதன், புனித வெள்ளி ஆகிய இரு நாள்களில்தான். அதுவும் 18 வயது நிறைந்தவர்களுக்கு, 59 வயது நிறையும் வரை. அந்நாள்களிலும் ஒரு முழு உணவோடு இரு சிறு உணவுகளுக்கு இடம் உண்டு. உங்களுடையது நீங்களே நேர்ந்துகொண்ட தனி நேர்ச்சை; அதை வேறொரு நற்செயலாக மாற்றித் தரப் பங்குத்தந்தைக்கு அதிகாரம் இருக்கிறது. அவரிடம் கேளுங்கள்; மருத்துவர் தடுத்தார் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

வெள்ளிதோறும் இறைச்சியைத் தவிர்த்துச் சுத்தபோசனம் இருப்பதற்கு என் பக்கத்திலிருந்து தடையே இல்லை. பருப்பு, பயறு, முட்டை ஆகியவற்றால் புரதக் குறையை ஈடுசெய்துகொள்ளலாம். பலகாரத்தையும் சீனி போட்ட தேநீரையும் ஒறுத்தல் என்று விட்டுவிடுவீர்களானால் எனக்கு மகிழ்ச்சியே. நான் ஆண்டு முழுவதும் சொல்லியும் விடாதவர்கள் தவக்காலத்தில் அவற்றை விடுகிறார்கள். உயிர்ப்பு ஞாயிறன்று பிடித்துக்கொள்கிறார்கள் என்பது வேறு கதை.

அடுத்த வெள்ளிக்கு முன் உங்கள் மருத்துவரைப் பார்த்து, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் அளவையும் சோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால் கிளிமிபிரைடின் வேகம் உடலில் நீடிக்கும், மருந்தையே மாற்ற வேண்டிவரலாம். அதுவரை சிலுவைப்பாதைக்குப் போகும்போது பையில் கொஞ்சம் சீனியும் தண்ணீரும் இருக்கட்டும். அருகில் நிற்பவருக்கும் அது எதற்கென்று தெரிந்திருக்கட்டும்.