மினரல் பவுண்டேஷன் எப்படி பாத்து வாங்கறது, எப்படி போடறது?

எண்ணெய் வடியற முகம், பரு வேற இருக்கு, மினரல் பவுண்டேஷன் (தாதுப்பொடில செஞ்ச, முகத்துக்கு போடற மேக்கப் பவுடர்) செட் ஆகுமான்னு கேட்டிருக்கீங்க. தாராளமா போடலாங்க, ஆனா டப்பா முன்னாடி இருக்கற 'மினரல்'ங்கற பேர மட்டும் நம்பாம பின்னாடி திருப்பி படிங்க. மைக்கா, டைட்டானியம் டை ஆக்சைடு, ஜிங்க் ஆக்சைடு, கலருக்கு அயர்ன் ஆக்சைடு, முக்கியமா இதெல்லாம்தான் இருக்கும். பிஸ்மத் ஆக்ஸிகுளோரைடுன்னு இருந்தா யோசிங்க, நல்லா பளபளன்னு காட்டும் ஆனா சிலருக்கு வேர்த்தா அரிக்கும், எனக்கு மூக்கு ஓரமெல்லாம் செவந்தே போச்சு, அது இல்லாத பவுடருக்கு மாறினப்புறம்தான் நின்னுச்சு.

ஷேடு பாக்கறப்போ கையில தேச்சு பாக்காதீங்க, தாடையில தடவி கடைக்கு வெளிய வந்து பகல் வெளிச்சத்துல கழுத்தோட சேர்த்து பாருங்க. மஞ்சள் சாயல் இருக்கற மாநிறத்துக்கு ரோஸ் சாயல் ஷேடு போட்டா சாம்பல் பூசின மாதிரி தெரியும்.

மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன் போட்டு பத்து நிமிஷம் விடுங்க, ஈரத்தோட போட்டா திட்டு திட்டா ஒட்டிக்கும். ஃபேன ஆஃப் பண்ணிட்டு (தூள் மூக்குல ஏறக்கூடாது) மூடியில ஒரு சிட்டிகை கொட்டி, அடர்த்தியான பிரஷ்ஷ அதுல சுத்தி, தட்டி உதறிட்டு, கன்னத்துல இருந்து வட்டம் வட்டமா தேய்ங்க. பத்தலன்னா இன்னொரு மெல்லிசு கோட்டிங், ஒரேயடியா அப்பாதீங்க. டப்பால எஸ்பிஎஃப் (வெயில எவ்ளோ தடுக்கும்ங்கற அளவு) போட்டிருந்தாலும் சன்ஸ்கிரீன விட்றாதீங்க, இவ்ளோ கொஞ்சமா போடற பவுடர் வெயில முழுசா தடுக்காது. பரு இருக்கறதால பிரஷ்ஷ வாரம் ஒரு தடவையாவது கழுவி நல்லா காய வைங்க.