கதை படிக்க மூன்று வருடமா?

கேள்வி: எனக்கு வயது 20. ஒரு வருடம் ஜெர்மன் வகுப்புக்குப் போய், ஆறு மொழி நிலைகளில் மூன்றாவதான பி1 தேர்வில் தேறியிருக்கிறேன். ஜெர்மன் மொழி, இலக்கியம், பண்பாடு மூன்றும் சேர்ந்த பட்டப்படிப்பில் சேர ஆசை. முடிந்தால் ஜெர்மனியிலேயே. "மொழிதான் வந்துவிட்டதே, இன்னும் இரண்டு தேர்வு எழுதினால் வேலை கிடைக்கும். கதை படிக்க மூன்று வருடமா? அதுவும் இப்போது கணினியே மொழிபெயர்த்துத் தருகிறது" என்கிறார் என் மாமா. அவர் பேச்சில் நியாயம் இருப்பது போலவும் தெரிகிறது, இல்லாதது போலவும் தெரிகிறது. நான் என்ன செய்யட்டும்?

பதில்: முதலில் உங்கள் மாமாவுக்கு ஒரு வணக்கம். அவர் சொல்வதில் பாதி சரி. ஜெர்மன் பேச வேண்டும், அதை வைத்து ஒரு நிறுவனத்தில் சேர வேண்டும் என்பது மட்டுமே உங்கள் நோக்கம் என்றால் பல்கலைக்கழகம் சுற்றுவழி. பி2, சி1 என்று படியேறிப் போய்விடலாம். காசும் மிச்சம், காலமும் மிச்சம். இதை மறைத்துவிட்டு உங்களைச் சேரச் சொன்னால் இரண்டாவது பருவத்தில் என்னைத் திட்டுவீர்கள்.

ஜெர்மன் கற்பது ஒன்று, ஜெர்மனைப் பற்றிக் கற்பது இன்னொன்று. இந்தப் படிப்பில் சேரும்போது எனக்கும் இது தெரியாது. முதல் வாரம் ஜெர்மனில் எழுதிய காஃப்காவின் 'உருமாற்றம்' கதையை எடுத்தார்கள். 1915இல் வெளிவந்தது, ஒருவன் காலையில் கண் விழிக்கும்போது பூச்சியாகக் கிடக்கிறான் என்று தொடங்கும். நான் முந்தின இரவே அகராதியும் கையுமாக உட்கார்ந்து நாலு பக்கம் முடித்து, ஓரத்தில் தமிழில் 'கரப்பான் பூச்சி' என்று பென்சிலால் எழுதிவைத்துக்கொண்டு பெருமையாகப் போனேன். வகுப்பு 90 நிமிடம். முதல் வாக்கியத்தைத் தாண்டவே இல்லை.

அவன் என்னவாக மாறினான் என்பதற்கு காஃப்கா போட்ட சொல் 'உன்கெட்சீஃபர்'. அது கரப்பானும் இல்லை, வண்டும் இல்லை. வீட்டில் கண்டால் ஒழித்துக்கட்ட நினைக்கும் ஜந்துக்கள் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு வசைப்பெயர். அதன் வேரைத் தோண்டினால், பலியிடத் தகுந்த விலங்கைக் குறித்த ஒரு பழஞ்சொல்லும் அதற்கு முன்னால் 'உன்' என்ற எதிர்மறையும் வருகின்றன. அதாவது, பலிக்குக்கூட ஆகாதது. அதே வாக்கியத்தில் அவன் கண்ட கனவு 'அமைதியற்ற' கனவு, அந்த ஜந்து 'அளவிறந்த' ஜந்து. ஜெர்மனில் இரண்டுமே 'உன்' என்றுதான் தொடங்குகின்றன. ஒரே வாக்கியத்தில் மூன்று மறுப்பு. புத்தகம் அச்சுக்குப் போகும்போது, அட்டையில் அந்தப் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில்கூடக் காட்டக் கூடாது என்று காஃப்கா பதிப்பகத்துக்குக் கடிதம் எழுதினார். நானோ ஓரத்தில் கரப்பானை வரையாத குறை. ரப்பரை எடுத்து அழித்தேன்.

அந்த 90 நிமிடம் உங்களுக்கு வீண் என்று தோன்றினால் மாமா ஜெயித்தார். எனக்கு அன்று நேரம் போனதே தெரியவில்லை.

கணினி விஷயத்துக்கு வருகிறேன். அது மொழிபெயர்க்கிறது, பல சமயம் நன்றாகவே. ஆனால் அது எங்கே தவறியது என்று சொல்ல ஓர் ஆள் வேண்டாமா? ஜெர்மன் செய்தித்தாளைப் பாருங்கள். ஒருவர் சொன்னதைத் தெரிவிக்கும்போது வினைச்சொல்லின் வடிவத்தையே மாற்றிவிடுவார்கள். 'இருக்கிறது' என்னும் பொருளில் 'இஸ்ட்' என்று போட்டால் நிருபரே உறுதி சொல்கிறார். அதையே 'ஸை' என்று போட்டால், அவர் அப்படிச் சொல்கிறார், எனக்குப் பொறுப்பில்லை என்று பொருள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர்கள் இதற்குப் பல நாள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நமக்கு ஒரு சின்ன ஒட்டில் வேலை முடிந்தது: 'உடம்பு சரியில்லை' ஒன்று, 'உடம்பு சரியில்லையாம்' மற்றொன்று. ஒரு வழக்குச் செய்தியில் அந்த 'ஆம்' உதிர்ந்துவிட்டால் குற்றம் சாட்டப்பட்டவர் குற்றவாளியாகிவிடுவார்.

'டோக்' என்றொரு சிறு சொல் இருக்கிறது. அகராதியில் தேடினால் 'ஆனால்', 'இருந்தாலும்' என்று ஏதேதோ சொல்லும். வெறும் 'கொம்' என்றால் 'வா'. 'கொம் டோக்' என்றால் 'வாயேன்'. 'உனக்குத் தெரியும்' என்ற வாக்கியத்தில் அதைச் செருகினால் 'உனக்குத்தான் தெரியுமே' ஆகிவிடும். நம் ஏகார ஓகாரங்கள் செய்யும் வேலையை அங்கே இப்படிக் குட்டிச் சொற்கள் செய்கின்றன. துணை வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் போய் உட்காருவதும் நமக்குப் பழக்கப்பட்ட இடம்தான். தமிழில் யோசிப்பவருக்கு ஜெர்மனில் பல கதவுகள் ஏற்கெனவே திறந்து கிடக்கின்றன என்பது என் நெடுநாள் எண்ணம். ஆங்கிலத்தைப் பாலமாகப் போட்டுக்கொண்டுதான் சிரமப்படுகிறோம். (பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடும் டெர், டீ, டாஸ் என்ற மூன்று பாலில் எது எந்தச் சொல்லுக்கு என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். அது மனப்பாடம். வேறு வழி இல்லை.)

இந்தப் படிப்பில் பலரும் மிரள்வது பழைய ஜெர்மனைப் பார்த்து. மிரள வேண்டாம், ஆனால் தயாராகப் போங்கள். 1200ஆம் ஆண்டையொட்டி எழுதப்பட்ட நீபெலுங்கன் காவியத்தை அந்தக் கால மொழியிலேயே படிக்கச் சொல்வார்கள். அன்று 'ஃப்ரௌவெ' என்றால் உயர்குடிச் சீமாட்டி. 'வீப்' என்றால் சாதாரணமாகப் பெண். இன்று 'ஃப்ராவ்' எந்தப் பெண்ணுக்கும் பொது, 'வைப்' என்று ஒரு பெண்ணைச் சொன்னால் சண்டைதான். சங்கப் பாட்டில் 'நாற்றம்' மணமாக இருந்து நம் காலத்தில் என்ன ஆயிற்று என்று தெரிந்தவருக்கு இதில் அதிர்ச்சி எதற்கு?

இந்தத் துறையின் முன்னோர் யார் என்று நினைக்கிறீர்கள்? தேவதைக் கதை தொகுத்த அதே கிரிம் சகோதரர்கள். அண்ணன் யாக்கோப், பத்தைக் குறிக்கும் ஆங்கில 'டென்' ஏன் ஜெர்மனில் 'ட்சேன்' ஆனது என்பது போன்ற ஒலி மாற்றங்களுக்குப் பின்னால் ஓர் ஒழுங்கு இருப்பதைக் காட்டியவர். தம்பி வில்ஹெல்முடன் சேர்ந்து 1838இல் ஜெர்மன் அகராதி ஒன்றைத் தொடங்கினார். 1863இல் அவர் இறந்தபோது பழம் என்று பொருள்படும் 'ஃப்ருக்ட்' என்ற சொல்வரை வந்திருந்தார். அகராதி முடிந்தது 1961இல். ஆய்வேட்டைத் தாமதமாகக் கொடுக்கும் ஒவ்வொரு மாணவரும் இந்தக் கணக்கை நினைத்து ஆறுதல் அடைவது வழக்கம்.

'பண்பாடு' என்று பாடத்திட்டத்தில் போட்டிருப்பதைப் பார்த்து இசையும் திருவிழாவும் என்று எண்ணிப் போகிறவர்கள் உண்டு. அந்தப் பாடத்தில் தப்பிக்க முடியாத ஒரு தேதி 1933 மே 10. அன்று, ஹிட்லர் ஆட்சியில், ஜெர்மன் மாணவர்கள் பல்கலைக்கழக நகரங்களில் நாஜிகள் வெறுத்த புத்தகங்களைக் கொளுத்தினார்கள். ஜெர்மன் இலக்கியம் சொல்லிக்கொடுத்த பேராசிரியர்களே சிலர் அங்கு நின்று உரையாற்றினார்கள். 1966இல் மியூனிக்கில் கூடிய ஜெர்மன் மொழி, இலக்கிய ஆய்வாளர்களின் மாநாட்டில்தான் இந்தத் துறை தன் பழைய கணக்கை வெளிப்படையாகப் பார்த்தது. 'தேசம்', 'மக்கள்' என்ற சொற்களை ஒரு ஜெர்மன் ஆசிரியர் எவ்வளவு யோசித்து உச்சரிக்கிறார் என்பதை வகுப்பில் உட்கார்ந்து பார்த்தால்தான் விளங்கும். என்னைக் கேட்டால் மூன்று வருடத்தில் வாங்கிக்கொள்ள வேண்டிய பெரிய பாடம் அதுதான்.

ஜெர்மன் இலக்கியம் ஜெர்மனிக்குள் அடங்குவதும் இல்லை. காஃப்கா பிராகில் பிறந்தவர். கவிஞர் பவுல் செலான் பிறந்த செர்னோவிட்ஸ் இன்று உக்ரைனில் இருக்கிறது. 2009இல் நோபல் பரிசு பெற்ற ஹெர்த்தா முல்லர் ருமேனியாவிலிருந்து வந்தவர். டோக்கியோவில் பிறந்த யோக்கோ தவாதா ஜப்பானிய மொழியிலும் ஜெர்மனிலும் எழுதுகிறார். வெளியிலிருந்து வருகிறவர்கள் அந்த மொழியை என்ன செய்தார்கள் என்பதே ஒரு தனிப்பாடம். அந்த வரிசையில் நீங்கள் அன்னியர் இல்லை.

இனி ஜெர்மனி. அங்கே 'கெர்மானிஸ்டிக்' என்ற படிப்பு, ஜெர்மனைத் தாய்மொழியாகக் கொண்டவர்களை மனத்தில் வைத்து அமைத்தது. நமக்குத் தமிழிலக்கியப் பட்டப்படிப்பு எப்படியோ அப்படி. பள்ளியிலேயே கோத்தேயும் ஷில்லரும் படித்து வந்தவர்களுக்குப் பக்கத்தில் உட்காருவீர்கள். பொதுவாக சி1 நிலை கேட்பார்கள்: டெஸ்ட்டாஃப் தேர்வில் நான்கு பிரிவிலும் 4, அல்லது அதற்கு ஈடானது. பி1இலிருந்து அது இரண்டு படி மேலே. பி2இலிருந்து சி1 ஏறும் படி மற்றவற்றைவிட உயரம். 'அயல்மொழியாக ஜெர்மன்' என்று தனித்துறையும் பல பல்கலைக்கழகங்களில் இருக்கிறது. லைப்சிக்கில் 1969இலேயே அதற்கெனப் பேராசிரியர் இருக்கை அமைத்தார்கள். ஆசிரியர் ஆகும் எண்ணம் இருந்தால் அதையும் பாருங்கள். இன்னொரு வழி, இருக்கும் இடத்திலேயே இளங்கலையை முடித்துவிட்டு முதுகலைக்கு அங்கே போவது. உங்கள் நிலையில் நான் இருந்தால் இதைத்தான் செய்வேன்.

அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, பருவத்துக்கு ஒரு சிறு தொகைதான். ஆனால் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வரும் மாணவர்களிடம் பருவத்துக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஹைடல்பெர்க், ட்யூபிங்கன், ஃப்ரைபுர்க் எல்லாம் அந்த மாநிலத்தில்தான் இருக்கின்றன, பெயரைக் கேட்டு மயங்க வேண்டாம். குளிர்காலப் பருவத்துக்கு ஜூலை 15 பல இடங்களில் கடைசி நாள். உதவித்தொகைக்கு 1925இல் தொடங்கிய டிஏஏடி என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் அறிவிப்புகளைப் பாருங்கள். போய்ச் சேர்ந்தபின் 10 மணி வகுப்புக்கு 10 மணிக்கே போய்க் காலி அறையில் தனியாக உட்கார்ந்திருக்காதீர்கள், அட்டவணையில் 'சி.டி.' என்று போட்டிருந்தால் 10.15க்குத்தான் தொடங்கும். சொற்பொழிவு முடிந்ததும் எல்லாரும் மேசையை விரல் முட்டியால் தட்டினால் கலவரம் இல்லை, கைதட்டல்.

வேலை பற்றி மாமாவிடம் பொய் சொல்லாதீர்கள். மருத்துவம் படித்தவர் மருத்துவர். இதைப் படித்தவருக்கு அப்படி ஒரு பெயர்ப்பலகை கிடையாது. ஜெர்மனியிலேயே 'கெர்மானிஸ்டிக் படித்தால் டாக்சி ஓட்டலாம்' என்று பழைய கேலி உண்டு. ஆசிரியப் பணி, மொழிபெயர்ப்பு, பதிப்பகம், ஆவணக்காப்பகம், இரு நாட்டு நிறுவனங்கள் என்று வழிகள் இருக்கின்றன. எதுவும் தானாக வந்து கதவைத் தட்டாது. அதனால் இரண்டாவது பாடம் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அங்கே இரு பாடப் பட்டம் சகஜம். சட்டமோ பொருளாதாரமோ கணினி மொழியியலோ, உங்களுக்குப் பிடித்ததை எடுங்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு வேலை. ரெக்லாம் பதிப்பகத்தின் உள்ளங்கை அகல மஞ்சள் புத்தகங்கள் ஜெர்மன் மாணவர் எல்லார் பையிலும் இருக்கும். 1867இல் அந்த வரிசையின் முதல் எண்ணாக வந்தது கோத்தேயின் 'ஃபவுஸ்ட்'. நீங்கள் அதைத் தொட வேண்டாம். காஃப்காவின் 'சட்டத்தின் முன்னால்' என்ற கதையை எடுங்கள். இரண்டு பக்கம்தான். கிராமத்து ஆள் ஒருவன் சட்டத்துக்குள் நுழைய வருகிறான். வாயிற்காவலன் 'முடியும், ஆனால் இப்போது முடியாது' என்கிறான். ஆயுள் முழுக்கக் காத்திருந்துவிட்டு, சாகும் நேரத்தில், வேறு யாருமே ஏன் இங்கே வரவில்லை என்று கேட்கிறான். இந்த வாசல் உனக்கென்றே இருந்தது, இதோ மூடப்போகிறேன் என்று பதில் வருகிறது. ஜெர்மன் எளிமையாக இருக்கும், பி1 தாங்கும். மூன்று நாள் தொடர்ந்து படியுங்கள். மூன்றாம் நாள் உங்கள் கையில் புதுச்சொற்களின் பட்டியல் மட்டும் இருந்தால் பி2 வகுப்புக்குப் பணம் கட்டிவிடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. காவலன் ஏமாற்றினானா இல்லையா என்று அரித்துக்கொண்டே இருந்தால் விண்ணப்பப் படிவத்தை எடுங்கள்.

மாமாவுக்கும் இந்தக் கதையைத் தமிழில் சொல்லிப் பாருங்கள். 'அவன் உள்ளே போயிருக்க வேண்டியதுதானே, காவலன் மேல் என்ன தப்பு?' என்று அவர் வாதாட ஆரம்பித்தால் மறுத்துப் பேசுங்கள், விடாதீர்கள். இதே கதையை உள்ளே வைத்து காஃப்கா எழுதிய 'விசாரணை' நாவலில் ஒரு பாதிரியாரும் கதாநாயகனும் இதே சண்டையைத்தான் பக்கம் பக்கமாகப் போடுகிறார்கள்.