பத்தாவது முடித்துவிட்டுப் போகலாமா?

கேள்வி: என் கணவருக்கு இங்கிலாந்தில், மான்செஸ்டரில் வேலை கிடைத்திருக்கிறது. மகன் காரைக்குடியில் ஒன்பதாவது முடித்திருக்கிறான். நவம்பரில் 15 வயது நிறைகிறது. மகள் இரண்டாம் வகுப்புக்குப் போகிறாள்; டிசம்பரில் ஏழு நிறையும். "பெரியவன் பத்தாவது பரீட்சையை இங்கேயே எழுதிவிட்டு வரட்டும்" என்கிறார் அப்பத்தா. பள்ளியில் இப்போதே பணம் கட்டி இடம் பிடித்து வைக்க வேண்டுமா?
– ஒரு வாசகி, பள்ளத்தூர்

பதில்: அப்பத்தா சொல்வது நம் ஊர்க் கணக்குக்குச் சரி. இங்கே பத்தாவது மார்க் ஷீட் கையில் இருந்தால்தான் அடுத்த வேலை. ஆனால் நீங்கள் போகிற ஊரில் அந்த ஒரு வருடக் காத்திருப்பே பையனைச் சிக்கலில் மாட்டிவிடும்.

அங்கே மார்க்கைப் பார்த்து வகுப்பு போடுவதில்லை, வயதைப் பார்த்துப் போடுகிறார்கள். செப்டம்பர் 1 அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. அதன்படி உங்கள் மகன் இந்தச் செப்டம்பரில் 'இயர் 10'. பத்து என்றதும் பொதுத்தேர்வு வகுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கத்துப் பொதுத்தேர்வான ஜிசிஎஸ்இ-க்கான படிப்பு பெரும்பாலான பள்ளிகளில் இரண்டு வருடம். இயர் 10-ல் தொடங்கி, இயர் 11 முடிவில் மே, ஜூன் மாதங்களில் தேர்வு. இங்கே பத்தாவது எழுதிவிட்டு அடுத்த வருடம் போனால் பையன் நேராக இயர் 11-ல் போய் உட்காருவான். ஆங்கிலப் பாடத்தில் மற்ற பிள்ளைகள் ஒரு வருடமாகப் படித்த நாடகமும் கவிதையும் இவனுக்குப் புதிது. எட்டு, ஒன்பது மாதத்தில் தேர்வு வந்துவிடும். ஒரு வகுப்பு கீழே போடச் சொல்லிக் கேட்கலாம். சாதாரணமாக ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

அந்தத் தேர்வில் 9 முதல் 1 வரை கிரேடு. ஒன்பதுதான் உச்சம், ஒன்று வாங்கிவந்தால் ஃபர்ஸ்ட் ரேங்க் என்று இனிப்பு வாங்கிவிடாதீர்கள்! ஆங்கிலத்திலும் கணக்கிலும் 4-க்குக் கீழே போனால், 16 வயதுக்குப் பிறகும் அந்தப் பாடங்களைத் தொடர்ந்து படிக்க வேண்டியிருக்கும். அதனால் முடிந்தவரை செப்டம்பர் தொடக்கத்திலேயே அவனைக் கூட்டிப் போய்விடுங்கள். விருப்பப் பாடங்களை மற்றவர்கள் முன்பே தேர்ந்தெடுத்திருப்பார்கள். இவனுக்கு இடம் இருப்பதுதான் கிடைக்கும். அதற்காக மனம் தளர வேண்டாம்.

மகளைப் பற்றிக் கவலையே இல்லை. இயர் 2-ல் சேருவாள். அரசுப் பள்ளிகளில் அந்த வகுப்பு வரை எல்லாப் பிள்ளைகளுக்கும் மதியச் சாப்பாடு இலவசம். சைவம் என்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

பணம் விஷயத்துக்கு வருவோம். அரசு நிதியில் நடக்கும் பள்ளிகளில் கட்டணம் இல்லை, டொனேஷனும் இல்லை. யாராவது இடம் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இப்படி இடை வகுப்பில் வந்து சேர்வதற்கு உள்ளூர் கவுன்சில் (நம் ஊர் நகராட்சி மாதிரி) வழியாகவோ பள்ளியிலேயோ விண்ணப்பிக்க வேண்டும். பல பள்ளிகளில் வீடு எவ்வளவு பக்கம் என்பது முக்கியம். ஆகவே வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்னால், சுற்றியுள்ள எந்தப் பள்ளியில் இயர் 10-லும் இயர் 2-லும் இடம் காலியாக இருக்கிறது என்று உங்கள் கணவர் கவுன்சிலில் கேட்டுவிட வேண்டும். வீட்டைப் பிடித்துவிட்டுப் பள்ளி தேடினால் இருவருக்கும் இரண்டு மூலையில் இடம் கிடைக்கும். கேட்ட பள்ளியில் இடம் தராவிட்டால் மேல்முறையீடு செய்யலாம். பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, அவன் படித்த பாடங்களின் பட்டியல் எல்லாம் கையில் இருக்கட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் நம் பக்கத்துக் குடும்பங்களுக்குக் கட்டாயம் தெரிய வேண்டியது: முன்னோருக்குப் படைப்பு, கல்யாணம், அறுபதாம் கல்யாணம் என்று பள்ளி நாளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஊருக்கு வர முடியாது. அனுமதி இல்லாமல் ஐந்து பள்ளி நாள் போகாமல் இருந்தாலே அபராதம் வரலாம். ஒரு பிள்ளைக்கு, பெற்றோரில் ஒவ்வொருவருக்கும் 80 பவுண்டு; 21 நாளுக்குள் கட்டாவிட்டால் 160. உங்கள் வீட்டுக்கு ஒரு தடவைக்கே 320 பவுண்டு. கோடை விடுமுறை ஜூலைக் கடைசியிலிருந்து ஆறு வாரம், பாதி ஆடியில் போய்விடும். ஆவணி முதல் பாதியில் முகூர்த்தம் பார்க்க முடியுமா என்று பங்காளிகளிடம் இப்போதே பேசி வையுங்கள்.