கல்வீடு இருந்தால் அஸ்வெசும கிடைக்காதா?

கணவரை இழந்து, கூலி வேலை செய்து மூன்று பிள்ளைகளை வளர்க்கும் வன்னியின் ஒட்டுசுட்டான் வாசகி ஒருவர், தமக்கு அஸ்வெசும என்னும் அரச நலன்புரிக் கொடுப்பனவு கிடைக்காததற்கு வீட்டுத்திட்டத்துக் கல்வீடுதான் காரணமா என்றும், பணம் தந்தால் அதற்கான தகுதியைத் தீர்மானிக்கும் புள்ளியை மாற்றித் தருவதாகச் சொல்பவரை நம்பலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

அம்மா, அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என்னும் 6 பிரிவுகளில் 22 குறிகாட்டிகளுக்குக் கணக்கெடுப்பில் பதியப்பட்ட விடைகளிலிருந்தே புள்ளி கணிக்கப்படுகிறது. தரகரால் முடிந்ததெல்லாம் உங்களுக்காக ஒரு படிவத்தை நிரப்புவதுதான். அதில் அவர் பொய்யை எழுதினால், மறுபடி வீடு பார்க்க வரும் உத்தியோகத்தருக்குப் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். அடையாள அட்டைப் பிரதியையும் வங்கிப் புத்தகத்தையும் கேட்பவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

கல்வீடு ஒன்றே காரணம் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் உங்கள் சந்தேகம் நியாயமானது. கூலிக்காரரின் மாத வருமானத்தை அளப்பது கடினம் என்பதால், கண்ணுக்குத் தெரிபவற்றைக் கொண்டு வறுமையை ஊகிக்கிறார்கள். சீமெந்துத் தரையும் ஓட்டுக்கூரையும் குடும்பத்தின் உழைப்பால் வந்த ஊர்களில் இந்த ஊகம் பெரும்பாலும் பொருந்தும். வன்னியிலோ, போருக்குப் பின் தறப்பாளின் கீழ் இருந்தவர்களுக்கு, 2012 முதல் இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் கட்டங்கட்டமாகக் கிடைத்து எழுந்த வீடுகள் எத்தனையோ. நகையை அடகு வைத்தும் முடிக்க முடியாமல் பூச்சில்லாது நிற்கும் அந்தச் சுவர், அன்று கிடைத்த உதவியைக் காட்டுமேயன்றி இன்று அடுப்பெரிகிறதா என்பதைக் காட்டாது. நாடு முழுவதற்கும் ஒரே அளவுகோலை வகுத்தவர்கள் இதை முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும்.

ஆகவே ஊகிப்பதை விட்டு, பதிந்ததைக் கேளுங்கள். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, உங்கள் குடும்பத்தைப் பற்றிப் பதியப்பட்ட விடைகளைப் பிரதேச செயலகத்தின் தகவல் அலுவலரிடம் கோரலாம். காரணம் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாவிட்டால் வாயால் சொல்லலாம், அவரே அதை எழுதிக்கொள்ள வேண்டும். தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாட்களுக்குள் தீர்மானிக்க வேண்டும். இங்கே ஒரு விலக்கைக் கவனியுங்கள். அயல் வீட்டுக்கு ஏன் கிடைத்தது என்று கேட்டால், அது பிறருடைய அந்தரங்கத் தகவல் என்று மறுக்கலாம். உங்கள் விடைகளையே நீங்கள் கேட்கும்போது அந்தக் காரணம் செல்லாது. ஆகவே விண்ணப்பத்தில் அயலாரின் பேச்சை ஒரு வரிகூடச் சேர்க்காதீர்கள். சேர்த்தால் முழுவதையும் தட்டிக்கழிக்க அதுவே சாட்டாகிவிடும். கணக்கெடுத்த அன்றே பிரதி ஒன்றைக் கையில் தந்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

பதில் கிடைத்ததும் பிழையான விடையை மட்டும் குறிப்பிட்டு, மேன்முறையீட்டுக் காலம் அறிவிக்கப்படும்போது ஆதாரத்தோடு கொடுங்கள். தகவல் கோரிக்கையைக் கொடுத்தவுடன் எழுத்தில் பற்றுச்சீட்டுத் தர வேண்டியது சட்டப்படி அவர்களின் கடமை. அதைத் திகதியோடு வாங்காமல் கந்தோரை விட்டு வராதீர்கள்.