பேரீச்சம்பழத்துக்குப் போடலாமா?

கேள்வி: அப்பா வாங்கிய 1997 மாடல் மாருதி 800 எங்களிடம் இருக்கிறது. இன்ஜின் ஒரே செல்ஃபில் ஸ்டார்ட் ஆகிறது. ஆனால் கதவுகளின் அடியிலெல்லாம் துரு. போன மாதம் பஞ்சர் பார்க்க ஜாக்கி வைத்தபோது அந்த இடத்துத் தகடு உள்ளே அமுங்கிவிட்டது. டிங்கர், 35,000 ரூபாய் கொடுத்தால் பட்டி பார்த்து, பெயின்ட் அடித்துப் புதுசாக்கித் தருகிறேன் என்கிறார். தம்பியோ, பேரீச்சம்பழத்துக்குப் போடு என்கிறான். என்ன செய்யலாம்?
- வாசகி, நாகப்பட்டினம்

பதில்: கதவை விடுங்கள் அம்மா. கதவு, பானெட், முன் மட்கார்டு எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை. 800 உற்பத்தி 2014-லேயே நின்றுவிட்டாலும் பழைய சாமான் கடைகளில் தேடினால் கிடைக்கும். ஜாக்கி விஷயத்தைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் கவலை. லாரிக்கு இருப்பதுபோல் இந்தக் காருக்குத் தனி சேஸ் (அடிச்சட்டம்) கிடையாது. தகடுகளைச் சேர்த்து வெல்டிங் செய்த கூடுதான் வண்டி. கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் ரன்னிங் போர்டு அந்தக் கூட்டுக்கு உத்தரம். ஜாக்கி அமுங்கியது அங்கேதான்.

முதலில் காருக்குள் காலடியில் விரித்திருக்கும் மேட் விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். உங்கள் ஊர் உப்புக்காற்று வெளியிலிருந்து தின்னும். ஆனால் முன் கண்ணாடியைச் சுற்றியிருக்கும் ரப்பர் பீடிங் காய்ந்துபோனால் மழைத்தண்ணீர் சத்தமில்லாமல் இறங்கி அந்த விரிப்புக்கடியில் ஊறி, உள்ளேயிருந்தும் அரிக்கும். ஸ்க்ரூடிரைவர் பிடியால் ஃப்ளோரையும் ரன்னிங் போர்டையும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று கேட்கும், இற்றது பொத்பொத்தென்று இருக்கும். சந்தேகமான இடத்தில் நுனியால் குத்துங்கள், இரக்கம் பார்க்க வேண்டாம். அப்புறம் பானெட்டைத் திறந்து, முன் ஷாக் அப்சார்பரின் தலை பாடியில் மாட்டியிருக்கும் இரண்டு இடங்களையும் பாருங்கள். விரிசலோ பொருக்கோ இருக்கக்கூடாது.

அந்த இரண்டும் கெட்டியாக இருந்து, ரன்னிங் போர்டும் ஃப்ளோரும் மட்டும் போயிருந்தால் தாராளமாகச் செய்யலாம். நல்ல தகடு வரும்வரை வெட்டியெடுத்து, புதுத் தகடு வைத்து வெல்டிங் அடித்து, உள்பக்கமும் துருத்தடுப்புக் கோட்டிங் கொடுக்க வேண்டும். ஷாக் தலையும் இற்றுப்போயிருந்தால், என் பட்டறைக்கு வந்தாலும் நான் கை வைக்க மாட்டேன். (இன்ஜின் நல்லா இருக்கிறதே என்ற ஆசையில்தான் பல பேர் செத்த பாடியில் பணத்தைக் கொட்டுகிறார்கள்.)

டிங்கர் சொன்ன கணக்கில் வெட்டும் இல்லை, வெல்டிங்கும் இல்லை. துருவின் மேலேயே பட்டி பார்த்தால் ஐப்பசி மழைக்குக் கொப்புளம் கிளம்பிவிடும். பெயின்ட் பேச்சைக் கடைசியில் வைத்துக்கொண்டு, "எந்தத் தகட்டை வெட்டுவீங்க, என்ன கனத்துல தகடு வைப்பீங்க?" என்று கேளுங்கள். மழுப்பினால் வேறு டிங்கரைப் பாருங்கள்.

செலவில் ஆர்.சி.யையும் சேர்த்துக்கொள்ளுங்கள். முதல் 15 வருடத்துக்குப் பிறகு 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஒழுங்காகச் செய்து வந்திருந்தால் உங்களுக்கு அடுத்தது 2027-இல் வரும். 20 வருடம் தாண்டிய காருக்குப் புதுப்பிக்கும் கட்டணத்தை 2025 ஆகஸ்டில் 10,000 ரூபாயாக்கிவிட்டார்கள். வண்டியையும் காட்ட வேண்டியிருக்கும்.

தம்பி சொல்வதுதான் சரி என்று ஆனாலும், தெருவில் வரும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துவிடாதீர்கள். அரசுப் பதிவு பெற்ற ஸ்கிராப் மையத்தில் கொடுத்து, சான்றிதழ் வாங்கி, ஆர்.டி.ஓ. ஆபீசில் பதிவை ரத்து செய்துவிடுங்கள்.