கணக்கில் வராத நட்சத்திரங்கள்: வாசகர் கேள்வி–பதில்

ஒரே தொலைநோக்கி வானத்தைப் பட்டை பட்டையாகப் படம் பிடித்து, தெரிந்ததையெல்லாம் பட்டியல் போடும் வான சர்வேக்கள் பற்றிச் சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: வானியல் என்றால் ராத்திரி முழுக்கத் தொலைநோக்கியில் கண்ணை வைத்திருப்பது என்று நினைத்திருந்தேன். இப்போது எல்லோரும் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருக்கிறார்களாமே?

பதில்: பெரும்பாலும் ஆமாம், அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஒருவருக்கு ஒரு கேலக்ஸி மேல் சந்தேகம் வந்தால், விண்ணப்பம் போட்டு, தொலைநோக்கியில் இரண்டு இரவு வாங்கி, மேகம் வராமல் இருக்க வேண்டிக்கொண்டு போய் அதை மட்டும் பார்த்துவிட்டு வருவது பழைய முறை. இன்றும் உண்டு. சர்வேக்கு அப்படி எதன் மேலும் தனி அக்கறை கிடையாது. கண்ணில் பட்டதைப் பதிந்துகொண்டே போகும், கேள்வியை அப்புறம் யார் வேண்டுமானாலும் கேட்டுக்கொள்ளலாம். யோசனையும் புதிதல்ல. பலோமர் மலையில் 48 அங்குலத் தொலைநோக்கியை வைத்து 1949லிருந்து 1958 வரை கண்ணாடித் தகடுகளில் வானத்தைப் பிடித்து வைத்தார்கள். ஹார்வர்டில் 1880களிலிருந்து சேர்ந்த தகடுகள் சுமார் 5 லட்சம். அங்கே ஆனி ஜம்ப் கேனன் சுமார் மூன்றரை லட்சம் நட்சத்திரங்களை நிறமாலையை, அதாவது ஒளியைப் பிரித்தால் வரும் நிறப் பட்டையைப் பார்த்து ஒவ்வொன்றாக வகை பிரித்தார். பகலில் நாற்காலியில் உட்கார்ந்து வானியல் செய்வது நூறு வருடத்துக்கும் மேலான பழக்கம்.

கேள்வி: படத்தில் எல்லாமே புள்ளிதானே, நட்சத்திரம் எது, கேலக்ஸி எது என்று எப்படிப் பிரிக்கிறார்கள்?

பதில்: நட்சத்திரம் எவ்வளவு பெரிதானாலும் இங்கிருந்து புள்ளிதான். காற்று அதைக் கொஞ்சம் கலைத்துக் காட்டும், ஆனால் ஒரே படத்தில் பக்கத்துப் பக்கத்து நட்சத்திரங்கள் எல்லாம் ஒரே அளவுக்குக் கலையும். அதைவிட அகலமாக ஓரம் மங்கிக் கிடந்தால் கேலக்ஸி. இதில் ஏமாற்றுபவை குவாசர்கள், அதாவது நடுவே இருக்கும் ராட்சதக் கருந்துளையால் பயங்கரமாக ஒளிரும் கேலக்ஸி மையங்கள். பார்க்க நட்சத்திரம் மாதிரியே இருந்த 3சி 273, சுமார் 200 கோடி ஒளியாண்டு தள்ளி இருக்கிறது என்பதை 1963ல் மார்ட்டன் ஷ்மிட் அதன் நிறமாலையைப் படித்த பிறகுதான் உலகம் தெரிந்துகொண்டது.

கேள்வி: தட்டையான படத்திலிருந்து தூரம் எப்படிக் கிடைக்கிறது?

பதில்: நட்சத்திரத்துக்கு ஒரு வழி, கேலக்ஸிக்கு வேறு வழி. விரலை முகத்துக்கு நேரே பிடித்து இடக்கண்ணையும் வலக்கண்ணையும் மாற்றி மாற்றி மூடினால் விரல் இடம் மாறுவதுபோல் தோன்றும் அல்லவா, பூமி சூரியனைச் சுற்றும்போது பக்கத்து நட்சத்திரங்களும் அப்படித்தான் அசைவதுபோல் தெரியும். அசைவு அதிகமானால் தூரம் குறைவு. சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள பிராக்சிமாவுக்கே இது 0.77 விகலைதான், ஒரு பாகையை 3600 ஆக வெட்டினால் ஒரு துண்டு ஒரு விகலை. ஹிப்பார்கோஸ் விண்கலம் ஏறத்தாழ 1,18,000 நட்சத்திரங்களுக்கு இதைத் துல்லியமாக அளந்தது. 2013ல் கிளம்பிய கையா விண்கலத்தின் 2022 வெளியீட்டில் சுமார் 146 கோடி!

கேலக்ஸிகளின் அசைவு ஒன்றுமே தெரியாது, அவ்வளவு தூரம். நிறமாலையில் கோடுகள் சிவப்புப் பக்கம் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று பார்க்க வேண்டும். பிரபஞ்சம் விரிவதால், தூரம் கூடக்கூட இந்த நகர்வும் கூடும். நியூ மெக்சிகோவில் 2000ல் தொடங்கிய ஸ்லோன் சர்வேயில் இதைச் செய்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. வானத்தின் ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு அலுமினியத் தட்டு, அதில் எந்தெந்தக் கேலக்ஸி எங்கே தெரியுமோ அங்கெல்லாம் ஒரு துளை, ஒவ்வொரு துளையிலும் ஒளியை நிறமாலைக் கருவிக்குக் கொண்டுபோக ஒரு கண்ணாடி இழை, மொத்தம் 640, பிற்பாடு 1000. பகலில் ஆட்கள் உட்கார்ந்து அத்தனை இழைகளையும் ஒவ்வொன்றாகச் செருகுவார்கள். இன்று டெசி என்ற சர்வேயில் 5000 குட்டி ரோபோக்கள் இழைகளைத் தாங்களே நகர்த்திக்கொள்கின்றன.

இதிலும் ஒரு வேடிக்கை உண்டு. கேலக்ஸிக் கொத்துக்குள் அங்குமிங்கும் ஓடும் கேலக்ஸிகளின் சொந்த வேகமும் இந்த நகர்வில் கலந்துவிடுவதால், உருண்டையாக இருக்க வேண்டிய கொத்து வரைபடத்தில் நம்மை நோக்கி நீட்டிய விரல் மாதிரி நிற்கும்.

கேள்வி: கையா தரவில் பத்தாயிரம் நட்சத்திரங்களை இறக்கி கிராஃப் போட்டேன். தூரம் கூடக்கூட நட்சத்திரத்தின் உண்மையான ஒளிர்வும் கூடுகிறது. நான் ஏதாவது விதியைக் கண்டுபிடித்துவிட்டேனா? என் பேராசிரியர் சிரிக்கிறார், காரணம் சொல்ல மாட்டேன் என்கிறார்.

பதில்: சிரித்திருக்க வேண்டாம். சர்வே தரவைத் தொட்ட யாரும் இந்தக் குழியில் விழாமல் வந்ததில்லை, நான் இரண்டு முறை விழுந்திருக்கிறேன்.

இன்றிரவு வெளியே போய் நிமிர்ந்து பாருங்கள். கண்ணுக்குத் தெரியும் நட்சத்திரங்களில் பெரும்பாலானவை உண்மை ஒளிர்வில் சூரியனைவிடப் பிரகாசமானவை. அப்படியென்றால் சூரியன் ஒரு மட்டமான நட்சத்திரமா? இல்லை. நம் பால்வீதியில் ஏறக்குறைய முக்கால்வாசி நட்சத்திரங்கள் சூரியனைவிட மிக மங்கிய சிவப்புக் குள்ளன்கள். அவற்றில் ஒன்றுகூட வெறும் கண்ணுக்குத் தெரியாது, இத்தனைக்கும் பிராக்சிமாவே ஒரு சிவப்புக் குள்ளன்தான். மங்கல் நட்சத்திரம் பக்கத்தில் இருந்தால்தான் பட்டியலில் இடம்பிடிக்கும், பிரகாசமானது எவ்வளவு தள்ளி இருந்தாலும் பிடித்துவிடும். உங்கள் கிராஃபில் தூரப் பக்கத்தில் மங்கல் நட்சத்திரங்கள் காணாமல் போனதற்குக் காரணம் அவை அங்கே இல்லாதது அல்ல, கருவிக்குத் தெரியாததுதான். 1920களில் சுவீடன் நாட்டு வானியலாளர் மால்ம்குவிஸ்ட் இதைக் கணக்காக எழுதிக் காட்டினார், பட்டியல் இப்படி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடுவதை அவர் பெயரில்தான் இன்றும் சொல்கிறோம்.

சரி, என்ன செய்வது? நட்சத்திரங்களைப் பிரகாசத்தை வைத்துப் பொறுக்காமல் இடத்தை வைத்துப் பொறுக்குங்கள். சூரியனிலிருந்து 100 பார்செக், அதாவது 326 ஒளியாண்டு, அதற்குள் இருப்பதை மட்டும் எடுங்கள். அந்த எல்லைக்குள் சிவப்புக் குள்ளன்கள் அநேகமாக எல்லாம் கையாவுக்குத் தெரியும். கையா குழுவே அப்படி ஒரு பட்டியல் போட்டிருக்கிறது, 3,31,312 பொருட்கள். கிராஃபைத் திரும்பப் போட்டால் உங்கள் விதி கரைந்துவிடும்.

கூடவே இன்னொன்று. சில நட்சத்திரங்களுக்கு, தூரம் கண்டுபிடிக்க அளக்கும் அந்த அசைவின் அளவு மைனஸில் வந்திருக்கும், நீங்கள் அதைக் குப்பை என்று தூக்கியிருப்பீர்கள். தூக்காதீர்கள். உண்மை அளவு பூஜ்யத்தை ஒட்டி இருந்து, அளவீட்டுப் பிழை அதைவிடப் பெரிதாக இருந்தால், விடை இரண்டு பக்கமும் சிதறத்தான் செய்யும். மைனஸ் பக்கத்தை மட்டும் வெட்டினால் மிஞ்சுவதெல்லாம் தற்செயலாகக் கூடிப்போன அளவுகள், தொலைவில் இருக்கும் நட்சத்திரங்கள் எல்லாம் பக்கத்தில் இருப்பதுபோல் ஆகிவிடும்.

கேள்வி: தொலைநோக்கியும் இல்லை, பட்டமும் இல்லை. என்னால் ஏதாவது செய்ய முடியுமா?

பதில்: தாராளமாக. கையா தரவு இலவசம். மையம் வல ஏற்றம் 56.75 பாகை, நடுவரை விலக்கம் 24.12 பாகை (பூமிக்குத் தீர்க்கரேகை, அட்சரேகை மாதிரி வானத்துக்கு இவை), சுற்றி 2 பாகை என்று கேளுங்கள், கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் இருக்கும் இடம் அது. வருடத்துக்கு கிழக்கே சுமார் 20, தெற்கே சுமார் 45 மில்லிவிகலை (விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நகர்பவற்றை மட்டும் வைத்துக்கொண்டு நிறத்துக்கு எதிராக ஒளிர்வை வரையுங்கள். அதுவரை மற்ற நட்சத்திரங்களுக்கு நடுவே தொலைந்து கிடந்தவை ஒரே கோடாக எழுந்து நிற்கும். இந்தக் கூட்டத்தின் தூரத்தில் ஒரு பழைய சண்டையும் உண்டு: ஹிப்பார்கோஸ் சுமார் 390 ஒளியாண்டு என்றது, மற்ற முறைகள் கூடுதல் என்றன, கையா சுமார் 444 என்று சொல்லி அதை முடித்தது.

கணக்கு வேண்டாம் என்றால் கேலக்ஸி ஜூ. ஸ்லோன் எடுத்த சுமார் 9 லட்சம் கேலக்ஸிகளை 2007லிருந்து பொதுமக்களே வகை பிரித்தார்கள். ஹேனி வான் ஆர்கெல் என்ற டச்சு ஆசிரியை ஒரு கேலக்ஸிக்குப் பக்கத்தில் இருந்த விசித்திரமான வெளிச்சத்தைக் கவனித்துக் கேட்டார். அணைந்துபோன ஒரு குவாசரின் பழைய வெளிச்சம் பட்டு இன்னும் ஒளிரும் வாயு என்று பிற்பாடு விளக்கினார்கள். அதே திட்டத்தில் இடப்பக்கம் சுழலும் கேலக்ஸிகள் அதிகம் என்று விடை வந்தபோது, படங்களைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பிப் போட்டுக் காட்டினார்கள். அப்போதும் இடப்பக்கமே அதிகம்! சாய்வு வானத்தில் இல்லை, பார்த்தவர்கள் கண்ணில் இருந்தது.

கேள்வி: வேலை முடிந்த பிறகு அந்த அலுமினியத் தட்டுகள் என்ன ஆயின?

பதில்: நிறைய தட்டுகளைப் பள்ளிகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். தட்டின் எண்ணை வைத்து, அதில் உள்ள ஒவ்வொரு துளையும் எந்தக் கேலக்ஸிக்காகப் போட்டது என்று பிள்ளைகள் தேடிப் பார்க்கலாம்.